சுகர் உள்ளவங்க தசைய வேலை வாங்குறது எப்படி

சாப்பிட்ட சோறு ரத்தத்துல சுகரா ஏறுனதும் இன்சுலின் சொல்லி அதுல பெரும்பங்க இழுத்துக்கிறது கை கால் தசைதான். உடம்பு பெருத்தா கொழுப்பு தசை செல்லுக்குள்ளயே போய் தங்கிருது, அப்புறம் இன்சுலின் கதவத் தட்டுனாலும் உள்ள சரியா கேக்காது, சுகர் ரத்தத்துலயே நிக்கும். ஆனா தசை சுருங்குறப்ப இன்சுலின் இல்லாமலே க்ளூட் 4ங்கிற கதவு செல் ஓரத்துக்கு வந்து சுகர உள்ள விட்டுருது, இதத்தான் நாம பிடிச்சுக்கணும்.

பாம்பன்ல எங்க சித்தப்பா கரைவலை இழுத்த காலத்துல கெண்டைக்கால் வடக்கயிறு மாதிரி முறுக்கி நிக்கும், வேலைய விட்டு உக்காந்ததும் கால் சூம்பி வயிறு முன்னால வந்து சுகரும் வந்துருச்சு, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

சாப்பிட்டு எந்திரிச்சு 10, 15 நிமிசம் நடங்க. வாரத்துல 2, 3 நாள் கையை ஊனாம நாற்காலில உக்காந்து எந்திரிங்க, 10 தடவ. நடை, பயிற்சி எதுவுமே இல்லாம தொடர்ந்து ரெண்டு நாள் விட்றாதீங்க, பலன் அதுக்குமேல நிக்காது. தட்டுல சோறக் கொறச்சு கொழம்பு மீனக் கூட்டுங்க, பொரிச்சது வேணாம்.

சுடுமணல்ல வெறுங்கால் கூடவே கூடாது, கால் மரத்திருந்தா கிளிஞ்சல் கிழிச்சாலும் தெரியாது. இன்சுலின் போடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, சுகர் ரொம்ப எறங்கிட்டா வாயில போட பையில கொஞ்சம் சீனி வச்சுக்கங்க.