ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் என்றால் வரிச்சலுகை என்று நினைக்காதீர்கள்

அமெரிக்க நிறுவனங்களின் சொத்துவரி பில்களைச் சென்னையில் உட்கார்ந்து சரிபார்க்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்தான். பெயரே குழப்பம். டிஸ்ட்ரிக்ட் என்றதும் நமக்குக் கலெக்டர், தாலுகா என்று மனசு போகும். அங்கே அது வேறு விஷயம். தண்ணீர், வடிகால், சாலை, தீயணைப்பு என்று ஏதோ சில வேலைகளுக்காக ஓர் எல்லை போட்டு, அந்த எல்லைக்குள் இருக்கும் நிலத்தின் மேல் வரி போடவும் கடன் வாங்கவும் அதிகாரம் கொடுத்து உருவாக்கும் தனி அரசு அமைப்பு அது.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, பெரிய கம்பெனிக்கென்று தனி டிஸ்ட்ரிக்ட் இருந்தால் அந்தக் கம்பெனி வரி கட்டுவதில்லை என்று முடிவு கட்டுவது. இதற்கு டிஸ்னியை விட நல்ல உதாரணம் கிடையாது. புளோரிடாவில் 1967-இல் மாநிலச் சட்டத்தின் மூலம் ரீடி கிரீக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் உருவானது. சுமார் 25,000 ஏக்கர், ஆரஞ்ச், ஆசியோலா என்று இரண்டு கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) பரவிய நிலம், அதில் பெரும்பகுதி டிஸ்னியுடையது. "தனி ராஜ்ஜியம், வரியே கிடையாது" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் டிஸ்னி மற்றவர்களைப் போலவே கவுண்டிக்கும் பள்ளிகளுக்கும் சொத்துவரி கட்டியது, அதற்கு மேல் ரீடி கிரீக்குக்கும் தனியாகக் கட்டியது. வழக்கமான கவுண்டி வரிக்கு 10 மில் என்று உச்சவரம்பு இருக்கும் மாநிலத்தில் ரீடி கிரீக் சட்டம் 30 மில் வரை போட அனுமதித்தது. மில் என்றால் ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர். பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள சொத்துக்கு 5 மில் கூடினால் வருஷத்துக்கு ஐந்து லட்சம் டாலர் கூடும்.

அப்படியென்றால் டிஸ்னிக்கு என்ன லாபம்? கட்டுப்பாடு. கட்டட அனுமதி, சாலை, கழிவுநீர் எல்லாம் யாருக்காகவும் காத்திருக்காமல் நடந்தது, அரசு அமைப்பு என்பதால் வட்டி குறைவான, வரிவிலக்குள்ள கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டவும் முடிந்தது. நிர்வாகக் குழுவை நில உரிமையாளர்கள் ஏக்கருக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தார்கள், ஆக யார் ஜெயிப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. இதை வரிச்சலுகை என்று ஸ்லைடில் எழுதிவைத்தால் அடுத்த வருஷம் பட்ஜெட் தப்பும்.

சரி, அடுத்தது. டிஸ்ட்ரிக்ட் போனால் வரியும் போய்விடும் என்ற நினைப்பு. 2022 ஏப்ரலில் புளோரிடா சட்டமன்றம் ரீடி கிரீக்கை 2023 ஜூன் 1-ஆம் தேதியோடு கலைக்கும் சட்டம் போட்டபோது பலரும் டிஸ்னிக்குப் பெரிய வரி அடி என்று எழுதினார்கள். ஆனால் டிஸ்ட்ரிக்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் கடன் இருந்தது. மாநிலச் சட்டப்படி ஒரு டிஸ்ட்ரிக்ட் கலைந்தால் அதன் கடனும் கடமைகளும் உள்ளூர் அரசுகளின் தலையில் விழும், 30 மில் வரை வரி போடும் அதிகாரமோ அவற்றுக்குக் கிடைக்காது. அதாவது டிஸ்னிக்கு ஒரு அடுக்கு வரி குறைந்து, சுற்றியிருக்கும் சாதாரண வீட்டுக்காரர்கள் அந்தக் கடனைச் சுமக்கும் நிலை. 1967 சட்டத்திலேயே கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு, கடன் தீரும்வரை டிஸ்ட்ரிக்டின் அதிகாரத்தில் கை வைக்கமாட்டோம் என்று மாநிலம் வாக்குக் கொடுத்திருந்தது வேறு. கடைசியில் 2023 பிப்ரவரியில் கலைப்பைக் கைவிட்டுப் பெயரை மாற்றி, ஐந்து உறுப்பினர்களையும் ஆளுநரே நியமிக்கும்படி செய்தார்கள். வரி அதிகாரமும் கடனும் அப்படியே இருந்தன, ஓட்டுரிமை மட்டும் டிஸ்னியிடமிருந்து போனது. ஐம்பத்தைந்து வருஷமாகக் கையில் இருந்த கட்டுப்பாடே ஒரு சட்டத்தில் போகும் என்றால், வேறெந்தக் கம்பெனியும் இருபது வருஷத் திட்டத்தில் "போர்டு நம் பக்கம்தான்" என்று எழுதிவைப்பது சரியில்லை.

இனி பில்லுக்கு வருவோம், ஏனென்றால் தினசரி வேலையில் பணம் போவது இங்கேதான். புளோரிடா பில்லில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று சொத்தின் மதிப்பை வைத்துப் போடும் வரி. இன்னொன்று மதிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏக்கருக்கு இவ்வளவு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று போடும் அசெஸ்மென்ட். கம்யூனிட்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்று புளோரிடாவில் நிறைய உண்டு, அவை பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வசூலிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு கிடங்கின் மதிப்பைக் குறைக்க மாதக்கணக்கில் வாதாடி ஜெயித்தோம், பில் வந்தபோது எதிர்பார்த்ததில் பாதிகூடக் குறையவில்லை. மீதி எல்லாம் அசெஸ்மென்ட், அதை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. மதிப்பு மேல்முறையீட்டில் அது ஒரு டாலர்கூட அசையாது.

இதே விஷயம் வருமானவரியிலும் கடிக்கும். சாலை, வடிகால் மாதிரி சொத்தின் மதிப்பைக் கூட்டும் வேலைகளுக்காகக் கட்டும் அசெஸ்மென்டைக் கூட்டாட்சி வரிக்கணக்கில் 'சொத்துவரி' என்று அந்த வருஷமே கழிக்க முடியாது, சொத்தின் அடக்கவிலையில் சேர்க்க வேண்டும். பராமரிப்புக்கும் வட்டிக்கும் போகும் பங்கைக் கழிக்கலாம், ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பில் மொத்தத்தையும் ஒரே கணக்குத் தலைப்பில் போட்டுவிடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

நிலம் வாங்கும்போது கவுண்டியின் சராசரி விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. டிஸ்ட்ரிக்ட் எல்லை சாலையின் ஒரு பக்கத்தோடு நின்றிருக்கும், எதிரே உள்ள மனைக்கு ஒரு பில், நம் மனைக்கு வேறு பில். பார்சல் எண்ணை (கவுண்டி அந்த மனைக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்) வைத்துப் பழைய பில்லையே எடுத்துப் பாருங்கள், கடன் பத்திரத் தவணை இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று டிஸ்ட்ரிக்டிடமே எழுதிக் கேளுங்கள். அந்தக் கடன் நிலத்தோடு ஒட்டியது, விற்றவரோடு போகாது. கலிபோர்னியாவில் 1982 சட்டத்தால் வந்த மெல்லோ-ரூஸ் வரியும் (அங்கே இப்படிப்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் போடுவது) இப்படித்தான், சொத்துவரி மதிப்பில் 1 சதவீதம்தான் என்ற அந்த மாநிலத்தின் பிரபலமான வரம்புக்கு வெளியே நிற்கும். வாடகைக்கு எடுக்கிறவர்களும் பார்க்க வேண்டும்: வரி முழுக்க வாடகைதாரர் தலையில் என்ற ஒப்பந்தத்தில் அசெஸ்மென்டும் சேருமா என்று தெளிவாக எழுதவில்லை என்றால் பின்னால் சண்டைதான்.

அப்புறம் தேதிகள். புளோரிடாவில் ஆகஸ்டில் ஒரு நோட்டீஸ் வரும், அதில் மதிப்பும் உத்தேச விகிதங்களும் இருக்கும். அனுப்பிய நாளிலிருந்து 25 நாளுக்குள் மதிப்பை எதிர்த்து மனு போட வேண்டும். டிஸ்னியே தன் ஹோட்டல் ஒன்றின் 2015 மதிப்பை எதிர்த்துப் போராடி, ஹோட்டல் வியாபாரத்தின் மதிப்பைக் கட்டடத்தோடு சேர்த்த முறை செல்லாது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. அது மதிப்பு பற்றிய வழக்கு. விகிதம் அதிகம் என்று தோன்றினால் மதிப்பு மனுவில் அதை எழுதிப் பயனில்லை, அந்த நோட்டீஸிலேயே ஒவ்வொரு அமைப்பும் பட்ஜெட் கூட்டம் நடத்தும் நாளும் இடமும் போட்டிருக்கும், பெரும்பாலும் செப்டம்பரில், அங்கே ஆள் அனுப்பிப் பேச வேண்டும். நவம்பரில் பில் கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி, பிறகு மாதத்துக்கு ஒரு சதவீதம் குறைந்துகொண்டே போய் மார்ச்சில் ஒன்றுமில்லை. ஒரு கோடி டாலர் பில்லில் அது நான்கு லட்சம் டாலர். மேல்முறையீடு நடக்கிறதே என்று பில்லை ஓரமாக வைத்துவிடாதீர்கள், குறித்த தேதிக்குள் கட்டவேண்டிய பங்கைக் கட்டாவிட்டால் மனுவே தள்ளுபடியாகும்.