சர்டிபிகேட்டில் ஒரு பேர், ஊரில் ஒரு பேர்: சரி செய்வது எப்படி?

நம்ம குமரி மாவட்டத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பேர் இருப்பது சாதாரணம். ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒன்று, குளச்சல், முட்டம் பக்கம் கரையில் நின்று கூப்பிடுவது இன்னொன்று. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் வேறு இருக்கும். அப்போதெல்லாம் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் "அவர்தான் இவர்" என்று சொன்னாலே காரியம் நடந்துவிடும். இன்றைக்கு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார்கள். பான் கார்டை ஆதாரோடு இணைக்கச் சொல்லி 2017இல் சட்டம் வந்தது, இணைக்காதவர்களில் பெரும்பாலானோரின் பான் 2023 ஜூலை 1 முதல் செயல்படாமல் போனது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொன்னபோது, துபாய்க்குக் கிளம்ப இருந்த எத்தனையோ பேர் தவித்தார்கள்.

அதனால் முதலில் எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பி, ஆங்கிலத்தில் பேர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆன்றனியில் 'எச்' உண்டா இல்லையா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பேர் முழுசாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரியவேண்டும். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் இருப்பதையே மூலமாக வைத்துக்கொள்வதுதான் என் யோசனை, ஏனென்றால் அதை மாற்றுவதுதான் பெரும்பாடு.

அப்புறம் ஆதார். இங்கே அவசரமே வேண்டாம். பேரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் சாதாரணமாகத் திருத்த முடியும், ஆகவே மையத்தில் திரையைக் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பேரை முழுசாகப் போடுவது பாஸ்போர்ட்டுக்கும் உதவும். ஆதார் சரியானபின் பான், பிறகு வங்கி, கடைசியில் பாஸ்போர்ட். பேரே வேறு என்றால், உதாரணமாக சர்டிபிகேட்டில் செல்வராஜ், மற்றதில் எல்லாம் ஜோசப் என்றால், அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடாமல் தீராது. நோட்டரி அஃபிடவிட் சின்ன எழுத்துப் பிழைக்குத்தான் தாங்கும்.

வீட்டுப் பேரை விட்டுவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். பத்திரத்தில் "செல்வராஜ் என்ற ஜோசப்" என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், நாளைக்குப் பிள்ளைகள் வாரிசு சான்றிதழுக்கு அலையும்போது அந்த ஒரு சொல் கைகொடுக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வேறு பேர் உண்டா என்று கேட்பார்கள், உள்ளதை எழுதுங்கள். இரண்டு பேர் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் சிக்கல்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று: 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். குழந்தையின் பேரை அதில் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஞானஸ்நானமோ பெயர்சூட்டு விழாவோ முடிந்த கையோடு, அங்கே வைத்த அதே பேரை, அதே எழுத்தில் பதிந்துவிடுங்கள்.