ஃப்ளூ வந்த குழந்தை: நாம் சறுக்கும் இடங்கள்

குழந்தைக்கு ஃப்ளூ என்றால் வீட்டில் எல்லார் கண்ணும் தெர்மாமீட்டர் மேல்தான். ஆனால் 102 டிகிரியிலும் தண்ணீர் குடித்து, நடுநடுவே விளையாடுகிற பிள்ளையைவிட, 100 டிகிரியில் துவண்டு கிடந்து, எழுப்பினாலும் சரியாக விழிக்காத பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. எண்ணைப் பார்த்தே மருந்து ஊற்றுவது முதல் தவறு.

அதிகம் சறுக்குவது பாராசிட்டமாலில். அதன் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். சரி, அது எத்தனை மில்லி? அங்கேதான் சிக்கல். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. சொட்டு மருந்து என்றால் 1 மில்லியிலேயே 100 இருக்கலாம். பாட்டில் மாறியது தெரியாமல் 'போன தடவை கொடுத்த அதே 5 மில்லி' என்று ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். இது போதாதென்று சில சளி சிரப்களிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு, மருந்தோடு வரும் மூடியாலோ சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பாவும் கொடுப்பது சகஜம். நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூவின்போது கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் (Reye's) நோய் வரக்கூடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். வைரஸிடம் அது செல்லாது.

நடுங்குகிறதே என்று கம்பளியைச் சுற்றினால் சூடு வெளியேறாது. ஐஸ் தண்ணீரால் துடைத்தால் நடுக்கம் கூடும். மெல்லிய துணி போதும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, குடிக்காமல் இருக்கக் கூடாது. 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் மருத்துவரிடம் கிளம்புங்கள். மூச்சு வாங்கி விலா உள்ளே இழுத்தாலும் அப்படியே.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே காத்திருக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், காய்ச்சல் விட்ட மறுநாளே பையை மாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது. மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும். இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தேறி வந்த பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் ஏறி, இருமலும் கூடினால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.