தினசரி காலண்டரின் தாளை வாசிக்கும் முறையும் அதற்குக் கொடுக்க வேண்டிய இடமும்

வட சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் மளிகைக் கடையோ நகைக் கடையோ புத்தாண்டுக்குக் கொடுத்த தினசரி காலண்டர் தொங்காத வீடுகள் குறைவு. காலையில் தாளைக் கிழிப்பவர்களில் பலர் ராகு காலத்தையும் ராசிபலனையும் மட்டும் பார்த்துவிட்டு எஞ்சிய வரிகளை விட்டுவிடுகின்றனர். ராசிபலன் என்பது மக்களைப் பன்னிரண்டு பங்காக்கி, ஒவ்வொரு பங்கிற்கும் ‘செலவு’, ‘சுகம்’ என்று ஒற்றைச் சொல்லில் பலன் கூறுவது. அதனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மற்ற வரிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தவருக்கு எந்த வரிக்குக் கட்டுப்படுவது, எதனைக் கடந்து செல்வது என்று தாமே முடிவு செய்வது எளிது.

ராகு காலத்தை நினைவில் வைக்க, ‘திருவிழாச் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற பழைய வாக்கியம் போதும். அதிலுள்ள ஏழு சொற்களின் முதலெழுத்துகள் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்ற வரிசையைத் தருகின்றன. திங்களுக்குக் காலை 7.30 முதல் 9 வரை எனத் தொடங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால், ஞாயிற்றுக்கிழமைக்கு மாலை 4.30 முதல் 6 வரை என்று முடியும். பகலை எட்டுப் பங்காகப் பிரித்து, முதல் பங்கை விட்டுவிட்டு, எஞ்சிய ஏழினை ஏழு கிழமைகளுக்குக் கொடுத்ததே இந்த அட்டவணை.

இதில் கவனிக்க வேண்டியது, சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டே தாளில் அச்சிடுகிறார்கள் என்பதாகும். சென்னையில் ஜூன் மாதப் பிற்பகுதியில் சூரியன் ஏறத்தாழ 5.43க்கு உதித்து மாலை 6.37க்கு மறைகிறது, டிசம்பர் பிற்பகுதியில் 6.27க்கு உதித்து 5.48க்கு மறைகிறது. மெய்யான உதயத்திலிருந்து கணக்கிட்டால், திங்கட்கிழமை ராகு காலம் ஜூனில் சுமார் 7.20க்கும் டிசம்பரில் சுமார் 7.52க்கும் தொடங்கும். ஆகவே 9 மணி அடித்த மறு நிமிடம் வாசலைத் தாண்டுவதற்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில், அந்தச் சாத்திரத்தின் கணக்குப்படியே பொருளில்லை.

எமகண்டமும் குளிகையும் இதே எட்டுப் பங்குகளிலிருந்து வருபவை. குளிகையில் செய்த செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பது நம்பிக்கை. அதனால் கடன் வாங்குவதையும் ஈமச் சடங்கையும் அப்போது தவிர்த்து, நகை வாங்குவதையும் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவதையும் வைத்துக்கொள்வார்கள். நல்ல நேரம் என்று ஒரு வரியும் கௌரி நல்ல நேரம் என்று இன்னொரு வரியும் இருக்கும். பின்னது பகலின் எட்டுப் பங்குகளை அமிர்தம், லாபம், தனம், ரோகம், சோரம், விஷம் போன்ற பெயர்களால் குறிக்கும் கௌரி பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தது. விலக்க வேண்டிய ராகு காலமே துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்ற உரிய நேரமாவதால், செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கோயிலில்தான் கூட்டம் சேர்கிறது.

திதி, நட்சத்திர வரிகளில் ‘வரை’, ‘பின்’ என்ற சொற்களைத் தவறவிடக் கூடாது. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. அது ஏறத்தாழ 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீடிக்கலாம். ‘பகல் 2.10 வரை தசமி, பின் ஏகாதசி’ என்றிருந்தால், காலையில் ஒரு திதி, மாலையில் இன்னொன்று. பக்கத்து வீட்டுக் காலண்டரில் நேரம் வேறாக இருந்தால், ஒன்று பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் மற்றொன்று இக்கால வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் பின்பற்றுவதாக இருக்கலாம். சனி மீன ராசிக்குப் பெயர்ந்த நாளைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது. வாக்கியம் அதனை 2026 மார்ச்சில் வைத்தது. குடும்பக் கோயில் எதனைப் பின்பற்றுகிறதோ அதனையே வைத்துக்கொள்வது நல்லது. வசதிக்கேற்ப இரண்டுக்கும் மாறி மாறித் தாவுபவருக்கு எந்த நாளும் நல்ல நாளாகிவிடும். காசிமேட்டு மீனவர்களுக்கோ திதி என்பது சாத்திரம் மட்டுமன்று: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்ற இறக்கம் கூடும் என்பதால் அந்த வரி தொழிலுக்கான தகவலும் ஆகும்.

சூலம் என்பது அன்று எந்தத் திசையில் பயணம் ஆகாது என்பதைக் குறிப்பது. திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்குப் போவது வடக்கு, பாரிமுனைக்குப் போவது தெற்கு, அம்பத்தூருக்குப் போவது மேற்கு; கிழக்கே கடல்தான் என்பதால் திங்கள், சனிச் சூலங்கள் படகில் போகிறவர்களைத் தவிர இங்கே யாரையும் பெரிதாகத் தொடுவதில்லை. போயே ஆக வேண்டுமென்றால் பரிகாரமும் தாளிலேயே இருக்கும்: கிழக்கிற்குத் தயிர், வடக்கிற்குப் பால், மேற்கிற்கு வெல்லம், தெற்கிற்குத் தைலம். வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்க வேண்டாம் என்பதற்காகவே முன்னோர் இதனைச் சேர்த்தார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

சந்திராஷ்டமம் பலரை வீணாக அச்சுறுத்துகிறது. பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் சுமார் இரண்டேகால் நாளே அது. சந்திரன் ஏறத்தாழ 27 நாளில் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவிடுவதால், எந்த நாளிலும் மின்சார ரயில் பெட்டியில் இருப்பவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம் நடந்துகொண்டிருக்கும். அவசரமில்லாத வாக்குவாதத்தைத் தள்ளிப்போட அது போதிய காரணம். நேர்முகத் தேர்வைத் தவறவிட அது காரணமாகாது.

நேரம் நம் கையில் இருக்கும் செயல்களுக்கு மட்டுமே தாளைக் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்லக்கூடிய ஒரே விதி. பால் காய்ச்சிக் குடிபுகுதல், வண்டிக்கு முன்பணம் கொடுத்தல், கடைத் திறப்பு ஆகியவற்றுக்கு நேரம் பார்ப்பதில் இழப்பில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கும் மன நிறைவு கிடைக்கும். பத்திரப் பதிவுக்கு முகூர்த்த நாள் தேடுவோர், அன்று கூட்டம் மிகுவதால் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் வழங்குவதுண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ராகு காலத்தைப் பொருட்படுத்தாதவர்களுக்கு, மற்றவர்கள் ஒதுங்கும் அந்த ஒன்றரை மணி நேரம் வசதியானது. நெஞ்சு வலி, பிரசவ வலி, குழந்தையின் காய்ச்சல் ஆகியவற்றில் தாளுக்கு எந்த இடமும் இல்லை. 108ஐ அழைத்து ஸ்டான்லிக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உடனே செல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைப் பிரசவத்தின் நாளை மருத்துவர் குறிக்கட்டும். அவர் தரும் நேரங்களுக்குள் ஒன்றைத் தேர்வதோடு நம் விருப்பம் நிற்கட்டும்.

அதிர்ஷ்டத்தை இதிலிருந்து தனியே பிரித்துப் பார்ப்பது அவசியம். நல்ல நேரத்தில் புறப்பட்டவரும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபின், அந்தத் தடத்தில் பயணத்திற்குள் அதிர்ஷ்டம் நுழையும் இடம் சுருங்கிவிட்டது. ஜாதகம் எதுவும் மாறவில்லை. அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதும் கையில் சிறிது பணம் வைத்திருப்பதும் அதே வேலையைச் செய்பவை.

தாள் உங்களுக்குப் பலிக்கிறதா என்று அறிய விரும்பினால் ஒரு குறிப்பேடு போதும். ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் சேர்ந்தால் நான்கரை மணி நேரம், அதாவது பகலில் எட்டில் மூன்று பங்கு. எனவே பகலில் நேரும் எட்டுத் தொல்லைகளில் மூன்று, எந்தக் கிரகமும் தலையிடாமலேயே அந்த நேரங்களில் விழும். மற்ற ஐந்தை நாம் மறந்துவிடுகிறோம். நடந்த தொல்லையையும் அது நடந்த மணியையும் காலண்டரைப் பார்க்காமல் அன்றன்று எழுதி வைக்க வேண்டும். நாற்பது, ஐம்பது குறிப்புகள் சேர்ந்த பிறகு, அவற்றைத் தாளோடு ஒப்பிடும் வேலையை, தாளை நம்புபவர்களையும் மறுப்பவர்களையும் சேராத ஒருவரிடம் கொடுங்கள்.