ஏப்ரலில் வருகிறது சிங்மிங்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் வந்த முதல் வருஷம், எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் "ஹேப்பி சிங்மிங்" என்று சொல்லித் தொலைத்தேன். நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இறந்தவர்களுக்காக எரிக்கும் தங்க நிறத் தாள்களை ஒவ்வொன்றாகத் தோணி வடிவில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கு அம்மா கல்லறைக்குப் போறோம்" என்றார். சிங்மிங் என்பது சீனர்கள் முன்னோரின் கல்லறைக்குப் போய் வணங்கும் நாள். திவச வீட்டில் போய் வாழ்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நீங்களாவது சொல்லாதீர்கள்.

சீனப் புத்தாண்டு நிலாக் கணக்கு, வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். சிங்மிங் நம்ம சித்திரை முதல் நாள் போல சூரியக் கணக்கு. ஏப்ரல் 4 அல்லது 5-இல் வந்துவிடும். பேருக்கு 'தெளிவு, வெளிச்சம்' என்று பொருள். ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் 'செங் பெங்' என்பார்கள். சீனா, தைவான், ஹாங்காங்கில் அன்று விடுமுறை, இங்கே கிடையாது. அதனால் முன்னும் பின்னும் வரும் வார இறுதிகளில்தான் கூட்டம்.

இதற்கு ஒரு கதை உண்டு. பழைய சீனாவில் ஜின் நாட்டு இளவரசன் நாடு இழந்து அலைந்தபோது, பசி தாங்காத அவனுக்குத் தன் தொடைச் சதையையே அறுத்துச் சமைத்துக் கொடுத்தவர் ஜியே ஸிதுய். கி.மு. 636-இல் இளவரசன் அரியணை ஏறினான், அவரை மறந்தான். அவர் தாயோடு மலைக்காட்டுக்குப் போய்விட்டார். மன்னனுக்கு நினைவு வந்ததும், அவரை வெளியே வரவைக்கக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் வரவே இல்லை, கருகிப் போனார். அந்தத் துக்கத்தில் அடுப்பு மூட்டாமல் ஆறிய சோறு தின்ற நாள்தான் பிறகு சிங்மிங்கோடு கலந்தது என்பார்கள். கி.பி. 732-இல் சீனாவின் தாங் வம்சப் பேரரசர் ஆறிய சோற்று நாளில் கல்லறைக்குப் போவதை முறைப்படி அனுமதித்தார். நெருப்பே ஆகாது என்று தொடங்கியது, இன்று காகிதம் எரிக்காமல் நடப்பதில்லை!

கல்லறையில் புல் செதுக்குவார்கள், மங்கிய எழுத்துக்கு வண்ணம் பூசுவார்கள், படையல் வைத்து ஊதுபத்தி ஏற்றுவார்கள். சிங்கப்பூரில் 1998 முதல் புதைத்த இடம் 15 வருஷத்துக்குத்தான் என்பதால், எரித்த அஸ்தியை வைக்கும் மாடங்களுக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த வார இறுதிகளில் கல்லறைகளும் அஸ்தி மாடங்களும் இருக்கும் சுவா சூ காங், மண்டாய் பக்கம் காலையில் போகாதீர்கள், வண்டி நகராது. இந்து இடுகாடும் சுவா சூ காங்கில்தான், நம்மவர்களைத் தகனம் செய்வதும் மண்டாயில்தான். துக்கத்துக்குப் போவதென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். புளோக்குக்குக் கீழே தொட்டியில் காகிதம் எரிந்தால் கொடியில் காயும் துணியை உள்ளே எடுத்துவிடுங்கள், சாம்பல் பறந்து ஒட்டும். படையலைத் தாண்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

மறுநாள் ஆண்ட்டி அங் கூ குவே என்ற பலகாரம் கொடுத்தார். ஆமை ஓடு போலச் சிவப்பாக இருக்கும். உள்ளே பாசிப்பயறு, கிட்டத்தட்ட நம்ம பூரணக் கொழுக்கட்டைதான். சைவக்காரர்கள் என்ன கொழுப்பு சேர்த்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.