ரெயூனியனில் பிள்ளைக்கு முதல் ஸ்பானிஷ் வகுப்பு: புதிதாக வந்த வீட்டாருக்கு

புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ ரெயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவுக்கு வந்து, சேந்த்-ஆந்த்ரேயிலோ சேன்-தெனியிலோ வீடு பிடித்து, பிள்ளையையும் கொலேஜில் (நடுநிலைப் பள்ளியில்) சேர்த்தாகிவிட்டது. ஆகஸ்டு நடுவில் பள்ளி திறந்ததும் கால அட்டவணை கைக்கு வரும். பிரெஞ்சு, கணக்கு, ஆங்கிலத்தோடு 'எஸ்பாஞோல்' என்றும் ஒரு வரி இருக்கும். "பிரெஞ்சே இன்னும் வாயில வரல, இதுல ஸ்பானிஷ் வேறயா?" என்று கேட்காத வீடு இல்லை.

பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் இரண்டாவது அயல்மொழி எல்லாருக்கும் உண்டு. 'சேன்கியெம்' என்னும் 5 எண் வகுப்பில், ஏறக்குறைய 12 வயதில், வாரம் இரண்டரை மணி நேரமாகத் தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பது ஸ்பானிஷ். சில பள்ளிகளில் ஜெர்மனும் சீனமும் உண்டு. சில லிசேக்களில் (மேல்நிலைப் பள்ளிகளில்) தமிழும் பாடமாக இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். இங்கே வகுப்பு எண் மேலிருந்து கீழே இறங்கும்: 6, 5, 4, 3, அதற்குப் பிறகு லிசேயில் செகோந்த், ப்ரெமியேர், தெர்மினால். "என் பையன் நாலாவது படிக்கிறான்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் பாட்டி பயந்துவிடுவார்.

பிள்ளை நடுவில் வந்து சேர்ந்தால் மற்றவர்கள் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை முன்னால் இருப்பார்கள். 'காத்ரியெம்'மில், அதாவது 4-இல், சேர்ந்தால் ஒரு வருடம், செகோந்தில் சேர்ந்தால் மூன்று வருடம். முதல் வாரமே ஆசிரியரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: இவள் ஸ்பானிஷ் படித்ததே இல்லை. பிரெஞ்சே தெரியாத பிள்ளை என்றால், புதிதாக வந்தவர்களுக்கான தனிப் பிரெஞ்சு வகுப்பு உங்கள் பள்ளியில் உண்டா, அந்த நேரம் ஸ்பானிஷ் வகுப்போடு மோதுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மோதினால் பிரெஞ்சுக்கே முதலிடம் கொடுங்கள். மற்ற எல்லாப் பாடமும் அதில்தான் நடக்கிறது.

இனி மதிப்பெண். எல்லாம் 20-க்குத்தான். நம்மூரில் 95 வாங்கிய பிள்ளை இங்கே 13 வாங்கி வந்தால் வீட்டில் சத்தம் போடாதீர்கள். 13, 14 நல்ல மதிப்பெண்தான். 20-க்கு 20 அபூர்வம். எண்ணைவிட, பருவ அறிக்கையில் ஆசிரியர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பைப் படியுங்கள். நம் பிள்ளைகளைப் பற்றி அதில் அடிக்கடி வருவது, "எழுத்தில் கவனம், வாய்மொழியில் மௌனம்".

அந்த மௌனம்தான் இங்கே பெரிய சிக்கல். வாத்தியார் முன் வாயை மூடி உட்காருவதுதான் மரியாதை என்று நாம் வளர்த்திருக்கிறோம். ஸ்பானிஷ் வகுப்பில் அப்படி உட்கார்ந்தால் பாடம் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்பார், கை தூக்கித் தப்பும் தவறுமாகச் சொல்பவனுக்கு மதிப்பு. பிழையோடு பேசுவதற்கு அங்கே யாரும் கோபிப்பதில்லை. மூன்று வாக்கியங்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். 'நோ என்தியெந்தோ' என்றால் புரியவில்லை, 'புவேதெ ரெபெத்தீர்' என்றால் திரும்பச் சொல்வீர்களா, 'கோமோ சே தீஸே' என்றால் இதை எப்படிச் சொல்வது. வகுப்புக்கு ஒரு தடவையாவது இதில் ஒன்றைக் கை தூக்கிச் சொன்னால் போதும், மெல்ல வாய் திறக்கும்.

பிள்ளைக்குத் தெரியாத ஒரு வசதியும் இருக்கிறது, தமிழ். பக்கத்து பெஞ்சில் முருகன் பெயரோ வேங்கடசாமி பெயரோ உள்ள மலபார் பிள்ளைகள் (தமிழ் வம்சாவளியினருக்கு இங்கே வழங்கும் பெயர்) இருப்பார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோல், தமிழ் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் இந்த வசதி அவர்களுக்கு இல்லை. ஸ்பானிஷின் ஒற்றை 'ர' நம் 'மரம்' ரதான். பிரெஞ்சில் தொண்டையிலிருந்து 'ர' சொல்லிப் பழகியவர்களுக்கு அது நாக்கில் வர நாளாகும். இரட்டை ரவுக்கும் சொல்லின் முதலில் வரும் ரவுக்கும் நாக்கை உருட்ட வேண்டும்: 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். மேலே அலைக்குறி போட்ட 'ன' நம் ஞ. 'தெங்கோ த்ரெஸே ஆஞோஸ்', எனக்கு 13 வயது. அந்த அலைக்குறியை விட்டுவிட்டால் ஆண்டு போய் ஆசனவாய் ஆகிவிடும், வகுப்பே சிரிக்கும்.

வினைச்சொல்லிலும் அப்படித்தான். 'பேசுகிறேன்' என்றாலே நான் என்பது தெரிகிறதல்லவா? 'ஆப்லோ' என்றாலும் அதே கதை. 'ஆப்லாஸ்' நீ, 'ஆப்லா' அவன் அல்லது அவள், 'ஆப்லாமோஸ்' நாம். வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்' போட வேண்டியதில்லை. 'தூ', 'உஸ்தெத்' இரண்டும் நீ, நீங்கள். 'மெ குஸ்தா எல் மாங்கோ' என்பது 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்ற அதே அமைப்பு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் யோசிப்பவன் 'நான்' என்று தொடங்கித் தடுக்கி விழுவான், நம் பிள்ளை விழ வேண்டியதில்லை. பழம் பலவானால் மட்டும் 'குஸ்தான்' ஆகும், அதைக் கவனிக்கணும்.

'இரு' என்பதற்கு இரண்டு வினைகள். இதில் தமிழ் பாதி வழி மட்டுமே வரும். 'நான் மாணவன்' என்று வினையே இல்லாமல் சொல்லும் இடத்தில் 'சோய்', 'வீட்டில் இருக்கிறேன்', 'சோர்வாக இருக்கிறேன்' என்னும் இடத்தில் 'எஸ்தோய்'. ஆனால் 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு 'எஸ்தா' வராது, 'எஸ் ஆல்தா'தான்.

தமிழ் கைவிடுகிற இடம் பால். மேசையும் நாற்காலியும் நமக்கு அஃறிணை, அங்கே இரண்டும் பெண்பால். எந்தப் பெயர்ச்சொல்லையும் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' சேர்க்காமல் மனப்பாடம் செய்யவே கூடாது. பிரெஞ்சு பால் தெரிந்தால் பல இடத்தில் கைகொடுக்கும், எல்லா இடத்திலும் இல்லை: குடிக்கும் பாலும் உப்பும் பிரெஞ்சில் ஆண்பால், ஸ்பானிஷில் பெண்பால். சொல்லிலும் அதே ஏமாற்று உண்டு. 'லார்கோ' என்றால் நீளம், பிரெஞ்சு 'லார்ஜ்' போல அகலம் இல்லை. ஸ்பானிஷ் 'சலீர்' வெளியே போவது, பிரெஞ்சில் அதே எழுத்துகள் அழுக்காக்குவது.

நம் பிள்ளைகள் செய்யும் ஒரு காரியத்தை முதல் நாளே நிறுத்துங்கள்: பாட நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வது. (இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது உங்களுக்காக, பிள்ளைக்கு அல்ல.) 'பெசோ' என்று எழுதினால் அது எடையா முத்தமா? எடைக்கு 'பம்பரம்' என்பதன் முதல் ப, முத்தத்துக்கு அதன் நடு ப. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. காதால் கேட்டுத்தான் பழகணும்.

கேட்க இந்தத் தீவில் வீதியில் ஸ்பானிஷ் கிடையாது. வாரத்தில் இரண்டரை மணி நேரம் போக மீதியெல்லாம் வீட்டில்தான். கொலேஜில் கைப்பேசிக்கு 2018 முதல் சட்டப்படி தடை, அதனால் வீட்டுக்கு வந்தபின் ஆசிரியர் கொடுத்த ஒலிப்பதிவைப் போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினம் கால் மணி நேரம் மேல். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது நம் பிள்ளைகளின் பலம். என்ன மனப்பாடம் செய்வது என்பதை மாற்ற வேண்டும். சொல் பட்டியலை விட்டு முழு வாக்கியம், மனசுக்குள் இல்லாமல் வாய்விட்டு. 'விவோ என் சேந்த்-ஆந்த்ரே' என்பதை வாய்விட்டுச் சொல்லி, பிறகு புத்தகத்தை மூடி எழுதி, திறந்து ஒப்பிட்டுப் பார்க்கணும். வீட்டுப்பாடத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தால், படிக்காத வினைக்காலமும் வகுப்பில் நடத்தாத சொல்லும் வந்து நிற்கும், ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நோட்டில் பிரெஞ்சுப் பக்கத்தைக் கையால் மூடி, ஸ்பானிஷைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த நாள் மாற்றி மூடுங்கள். பாடப்புத்தகம் பள்ளி இரவல் தருவது, அட்டை போட்டுப் பத்திரமாக வையுங்கள். வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் ப்ரோனோட் செயலியில் வரும். பெற்றோருக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு, கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் கடவுச்சொல்லில் நுழைந்து பார்த்தால் உங்களுக்கு வரும் செய்திகள் தெரியாது.

டிசம்பர் பிற்பாதியில் தொடங்கும் கோடை விடுமுறை நீளம், பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். படித்ததெல்லாம் கரைவது அப்போதுதான். ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

லிசே போனபின் இந்தப் பாடம் விளையாட்டில்லை. பள்ளி முடிவில் பெறும் பக்கலோரேயா சான்றிதழில் இரண்டாவது மொழிக்கு ப்ரெமியேரில் 3, தெர்மினாலில் 3 என்று மொத்தம் 100-இல் 6 பங்கு, அதுவும் இறுதித் தேர்வில் அல்ல, வருடம் முழுக்க வாங்கும் மதிப்பெண்ணிலிருந்து. தெர்மினால் முடிவில் எதிர்பார்க்கப்படுவது ஐரோப்பிய அளவுகோலில் பி-1 நிலை, அதாவது அன்றாடப் பேச்சைத் தானே சமாளிக்கும் அளவு. செகோந்தில் தொடங்கும் பிள்ளைக்கு அதற்கு மூன்றே வருடம் என்பதால், சேரும்போதே எந்த மொழியை இரண்டாவதாக வைப்பது என்று வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அக்டோபர் விடுமுறை வந்துவிட்டால் மாற்றுவது கடினம்.