அம்பாப் பாட்டை ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது

பாம்பன் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாவைக் கைபேசியில் மட்டும் பதிவுசெய்தால் காற்றின் இரைச்சலே மிஞ்சும் என்பதால், முதல் குரல் கொடுப்பவரின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் மாட்டிவிடுவது என் வழக்கம். வீடு திரும்பினால் ஒரு பாட்டுக்குக் காணொளி, ஒலிக்கோப்பு, காற்றுகளின் பெயர்களான சோளகம், கொண்டல் முதலிய சொற்களை விளக்கும் சப்டைட்டில் என மூன்று கோப்புகள் சேர்ந்திருக்கும். ஒன்று தொலைந்தாலும் மற்றவை அரைகுறைதான். இவற்றை எம்கேவி என்னும் ஒரே கொள்கலக் கோப்பில் அடக்கிவிடலாம்.

எம்கேவி, எம்பி4, 1992இல் வந்த ஏவிஐ ஆகியவை வெறும் பெட்டிகளே. உள்ளிருக்கும் படமும் ஒலியும் எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்க முறையில், சுருக்கப்பட்டுள்ளன என்பது வேறு செய்தி; ஒரு டிவியில் ஓடும் எம்பி4 இன்னொன்றில் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து மூன்று கோப்புகளையும் அதில் இழுத்துப் போடுங்கள். சப்டைட்டிலை முன்கூட்டியே யூடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்க வேண்டும். இல்லையேல் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். ஒலி, சப்டைட்டில் இரண்டுக்கும் மொழி தமிழ் எனக் குறித்து, கருவியின் ஒலியையே தானாக ஒலிக்கும் இயல்புத் தடமாக வையுங்கள்.

ஒலியைப் படத்தோடு பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். பதிவின் தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கை தட்டச் சொல்வது இதற்காகத்தான். அந்தத் தட்டு படத்தில் 4.2ஆம் நொடியிலும் ஒலிக்கோப்பில் 6.5ஆம் நொடியிலும் இருந்தால், ஒலித்தடத்தின் தாமதக் கட்டத்தில் -2300 என மில்லிநொடிக் கணக்கில் இடுங்கள். பிறகு தொகுக்கும் பொத்தானை அழுத்தினால் படமும் ஒலியும் மறுபடி சுருக்கப்படாமல் அப்படியே உள்ளே போவதால் தரம் குறையாது, வேலையும் விரைவில் முடியும்.

ஒருமுறை பாட்டின் நடுவே கைபேசியில் சார்ஜ் தீர்ந்து, அந்த எம்பி4 திறக்கவே இல்லை. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையைப் பல கைபேசிகள் பதிவு முடிந்த பிறகே எழுதுகின்றன. அதே கைபேசியில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் சில மீட்பு மென்பொருள்கள் அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரும். ஆகவே பழுதான கோப்பை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

பாடியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 நகல் ஒன்று தனியே வேண்டும். கருவியின் ஒலிக்கோப்பு சுருக்கப்படாத வேவ் வடிவில் இருந்தால், அதை ஏஏசி என்னும் சுருக்கிய வடிவுக்கு மாற்றிச் சேருங்கள். எம்கேவியைப் பென்டிரைவில் கொடுப்பதானால், பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபியை எட்டும் கோப்பு ஏறாது என்பதால், எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.